ஒரு நூலளவு சத்தம்

ஐம்பத்தெட்டு வயதில், அந்த ஒலிச்சாதனக் கடையில் அவருக்கென்று இருந்தது ஒரே ஒரு நாற்காலி. பாட்டுப் போட்டுக் காட்டும் அறையில், இரண்டு ஸ்பீக்கருக்கும் சமதூரத்தில், நட்டநடுவில். வாங்க வருகிறவர்கூடப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார வேண்டும். கார் விலைக்கு ஸ்பீக்கர் வாங்கியவர்கள், அதற்கு எந்த ஆம்ப்ளிஃபயர் பொருந்தும் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எல்லோருக்கும் அவர் ‘காது சார்’.

வீட்டில் கதை வேறு. குக்கர் ஐந்து விசில் அடித்தாலும் பேப்பரிலிருந்து தலை நிமிராது. “ஊருக்கெல்லாம் காது, எனக்கு மட்டும் செவிடு” என்பார் மனைவி. அவர் சிரித்து மழுப்புவார். கீச்சென்ற ஒலிகள் எதுவும் தன் காதில் விழுவதில்லை என்று அவருக்கே தெரியும்.

தெரிந்தும் பிழைப்பு ஓடியது, ஒரு வித்தையால். இரண்டு ஆம்ப்ளிஃபயரில் எதன் சத்தம் இம்மியளவு கூடுதலோ, அதுதான் உசத்தி என்று மனிதக் காது நம்பிவிடும். அதனால் மீட்டர் வைத்து இரண்டையும் சமமாக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். காது சாரும் மீட்டர் வைப்பார். பிறகு, விற்க வேண்டிய பெட்டியின் குமிழை மட்டும் ஒரு நூல் திருப்பச் சொல்லிக் கண்ணைக் காட்டுவார். பெரிய முதலாளிக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

பெரியவர் இறந்து மகன் பொறுப்புக்கு வந்தார்.

“சனிக்கிழமை ஒரு சின்ன டெஸ்ட் வைக்கலாம் சார். திரைக்குப் பின்னாடி நான் மாத்தி மாத்திப் போடறேன். எது நல்லாருக்குன்னு சரியா சொல்லிட்டா நாற்காலி உங்களுது.”

“சொல்லலைன்னா?”

“கீழ பார்க்கிங்ல சீட்டு கிழிக்க ஆளில்ல.”

சனிக்கிழமை ஒரு கண் டாக்டர் ஆம்ப்ளிஃபயர் வாங்க வந்திருந்தார். அவர் வாங்கியிருந்த ஸ்பீக்கர்கள் தோளுயரம். வேடிக்கை பார்க்க வாடிக்கையாளர்களும் கூடிவிட்டார்கள். மேசைமேல் ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் பெட்டி. பக்கத்தில் இரண்டு மடங்கு விலையில் ஒரு வால்வு பெட்டி, கண்ணாடிக் குழாய்கள் தணல்போல் ஒளிர.

“இந்த ஸ்பீக்கர் கரண்டை யானை மாதிரி தின்னும் டாக்டர். வால்வு அதுக்குச் சோளப்பொரி. பாக்கத்தான் அழகு” என்றார் காது சார்.

திரையை இழுத்தார்கள். ஒரு பெண் பாடினாள். டக்கென்று ஒரு சத்தம். அவளே மறுபடி பாடினாள். காது சார் கண்ணைத் திறந்தார்.

“சந்தேகமே இல்ல, ரெண்டாவதுதான். அந்தம்மா மூச்சு விடறது தெரியுது. முதல்ல போட்டது மூக்கடைச்ச மாதிரி. அது வால்வு.”

சின்ன முதலாளி திரையை விலக்கினார். வால்வு பெட்டியின் ஒயர் எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

“ரெண்டு தடவையும் பாடினது டிரான்சிஸ்டர்தான் சார்.”

அறையே சிரித்தது. “நமக்கெல்லாம் குத்தினவருக்கே இன்னிக்குக் காதுகுத்துப்பா!” என்றது ஒரு குரல்.

“தம்பி, குமிழைத் திருப்பினீங்களா?”

“ஒரு நூல். அப்பாவுக்கு நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே?”

பின்வரிசையில் ஒருவர் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “அப்ப போன வருஷம் எனக்கு வித்தது?”

காது சார் எழுந்து நின்றார். “டாக்டர், நான் தோத்தது இருக்கட்டும். அந்த வால்வு மட்டும் வேணாம். அது காதால சொல்றதில்ல, கணக்கு. உங்க ஸ்பீக்கருக்கு அதுல பலம் பத்தாது.”

டாக்டர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. சின்ன முதலாளியிடம், “நீங்க எதைச் சொல்றீங்க?” என்றார்.

“வால்வுதான் டாக்டர். என்னமா ஒளிருது பாருங்க.”

டாக்டர் பார்த்தார். கார்டை நீட்டினார்.

வீட்டில் மனைவி என்ன ஆயிற்று என்று மூன்று முறை கேட்ட பிறகுதான் அவர் நிமிர்ந்தார்.

“நாற்காலி போயிடுச்சு. இனி கீழ சீட்டு கிழிக்கணும்.”

“அதுக்குக் காது எதுக்கு? கண்ணு போதுமே” என்றபடி அந்தம்மா சாப்பாட்டை எடுத்துவைத்தார்.

செவ்வாய்க்கிழமை வால்வு பெட்டி டாக்டர் வீட்டுக்குப் போகிறது. காது சார் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கீழ்த்தளத்தில் சீட்டுக்கட்டோடு இருக்க வேண்டும்.