பங்கஜாட்சியின் ஆறு நிமிடம்

நடைப்பயிற்சி கொடுக்கும் ஷெமீரா "ம்" சொல்வதற்குள் பங்கஜாட்சி ஆஸ்பத்திரி வராந்தாவில் பாதி தூரம் போயிருப்பாள். இடுப்பில் கட்டிய முண்டு வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, முன்னால் போகிற எவரையும் விட்டுவைக்காத நடை. மூன்றாவது நிமிடத்தில் மூச்சு இழுத்துக்கொள்ளும். சுவரில் சாய்ந்துவிடுவாள், அப்போதும் வாய் மட்டும் ஓயாது.

"மெதுவா, ஒரே சீரா நடக்கணும்னு எத்தனை தடவ சொல்றது அம்மச்சி?"

"மெதுவா வேலை செஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க மோளே!"

கொல்லத்து முந்திரி ஆலையில், வறுக்கிற புகை சூழ்ந்த கொட்டகைக்குள் முப்பத்தெட்டு வருடம் கொட்டை உடைத்தவள். எடைக்குத்தான் கூலி என்பதால் வேகம் உடம்பில் ஊறிவிட்டது. முந்திரி ஓட்டின் எண்ணெய்க் கறை ஏறிய விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கருவி தடுமாறும். அதனால் அவளுக்குக் காது மடலில் மாட்டுகிறார்கள். "கம்மல் போட்டாச்சு" என்று தலையை ஆட்டிக் காட்டுவாள்.

புகை நுரையீரலைக் கெடுத்தது போதாதென்று போன வருடம் இதயத்திலும் கை வைத்தது. கெட்டுப்போன நுரையீரலுக்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் வீங்கிவிட்டது என்றார் டாக்டர். மருந்தோடு மூன்று மாதம் நடைப்பயிற்சி. அதற்கும் வீக்கம் இறங்காவிட்டால் வீட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டர், மூக்கில் குழாய். "நான் என்ன மாடா, மூக்கணாங்கயிறு போட?" என்று அவரிடமே சண்டைக்குப் போனாள். உள்ளுக்குள் பயம்தான்.

ஆறு நிமிடத்தில் யார் எத்தனை சுற்று நடந்தார்கள் என்று ஷெமீரா எழுதுவாள். ஒருநாள், அதே கொட்டகையில் வேலை பார்த்த ஏலியாம்மா இரண்டாவது சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என் சுத்துல ரெண்டை எடுத்து அவ பேர்ல எழுது மோளே," என்றாள் பங்கஜாட்சி.

ஆலையில் ஒருத்தியின் குவியல் குறைந்தால் பக்கத்தில் இருப்பவள் ஒரு கை அள்ளிப் போடுவாள். அந்தப் பழக்கம்! ஷெமீராவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டாள். "இதை வச்சுத்தான் அவங்களுக்கு எவ்வளவு பயிற்சின்னு முடிவு பண்றோம். நீங்க தானம் பண்ற சுத்தை அவங்க நெஞ்சு தாங்குமா?"

பங்கஜாட்சிக்குச் சுருக்கென்றது. மறுநாளிலிருந்து ஏலியாம்மாவின் காலுக்குக் கால் வைத்து, சூடான கஞ்சியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மூச்சு விட்டபடி, கூடவே நடந்தாள். "எடியே, உன்னால நானும் ஆமையாயிட்டேன்," என்று திட்டிக்கொண்டேதான். ஆனால் இந்த ஆமை நடையில் ஆறு நிமிடமும் நிற்காமல் போக முடிந்தது. வாரத்துக்கு வாரம் இருவருக்கும் சுற்று ஏறியது.

நேற்று இதயத்தை ஸ்கேன் செய்தார்கள். நெஞ்சில் கருவி ஊர்ந்த நேரமெல்லாம், கட்டிலில் தலையணை மேல் சாய்ந்தபடி அவள் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீக்கம் நல்லா இறங்கியிருக்கு. இப்போதைக்குச் சிலிண்டர் வேண்டாம்," என்றார் டாக்டர். "நடையை மட்டும் விட்டுடாதீங்க."

அப்பாடா! கண் நிறைந்துவிட்டது.

"எழுந்திரிங்க அம்மச்சி, வெளியே ஆள் காத்திருக்கு," என்றாள் நர்ஸ்.

படுத்தால் மூச்சு முட்டும் என்று பத்து மாதமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கியவள் அவள். "ஒரு நிமிஷம் மோளே," என்று தலையணையை உருவி ஓரமாக வைத்தாள். காலை நீட்டி, மல்லாந்து படுத்துக்கொண்டாள். மூச்சு முட்டவில்லை.