கேட்டுக்கு இரண்டு பக்கம்

சட்டசபையில் மைக்காரரைத் தெரியாதவர் கிடையாது. முகம் மட்டும் யாருக்கும் தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் சின்ன அறை, முன்னால் பொத்தான் பலகை. உறுப்பினர் எழுந்ததும் அவருடைய பொத்தானை அமுக்க வேண்டும், உட்கார்ந்ததும் அணைக்க வேண்டும். வாய் கிழியப் பேசுகிறவர்களின் வாயெல்லாம் இவர் விரல் நுனியில். அதில் அவருக்குப் பெருமை ஒன்றும் இல்லை. மனைவி ரயில்வே கேட்டில் அடிபட்டுப் போனதிலிருந்து பெருமை, கோபம், பசி எல்லாமே அவருக்கு ஏனோதானோதான்.

மகளும் அதே கேட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறாள். அங்கே நடைமேம்பாலம் வேண்டும் என்று தெருக்காரர்கள் சபைக்கு மனு போட்டிருந்தார்கள். மனுவை வாசித்ததும் அந்தத் தொகுதி உறுப்பினர் எழுந்து ஆதரிக்க வேண்டும், எழாவிட்டால் மனு செத்தது. அந்தச் சபையின் வழக்கம் அப்படி.

பழைய உறுப்பினர் எதற்கெடுத்தாலும் எழுந்துவிடுவார். தொகுதி மறுசீரமைப்பில் அவருடையதையே பங்கு போட்டுவிட்டார்கள்; மனிதர் வீட்டோடு முடங்கிப் போனார். வரைபடம் போட்ட புண்ணியவான்கள் தண்டவாளத்தையே எல்லையாக்கியதில், புதிய கூட்டத்தொடரில் ஒரே தெருவுக்கு இரண்டு உறுப்பினர்கள். மைக்காரர் இருவரையும் வராந்தாவில் மடக்கி, மனுவுக்கு எழச் சொல்லிக் கேட்டார். இருவரும், "பாத்துக்கலாங்க" என்றார்கள்.

மனு வந்தது. செயலாளர் வாசித்து முடித்தார். உறுப்பினர் எழாமல் மைக் போடக் கூடாது. ஆனால் மைக்காரரின் விரல்கள் அவசரப்பட்டு இரண்டு பொத்தான்களையும் அமுக்கிவிட்டன. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்த அந்த இருவரும் முணுமுணுத்தது சபை முழுக்கக் கேட்டது.

"கேட் உங்க பக்கம்தானே? எந்திரிங்க."

"ஐயையோ, உங்க பக்கம்ங்க. பாலம்னா கடைங்கள இடிக்கணும். யாரு திட்டு வாங்குறது?"

சபை குலுங்கிச் சிரித்தது. சபாநாயகரும் சிரித்துவிட்டு, "யாரும் ஆதரிக்கவில்லை. அடுத்த மனு" என்றார்.

மைக்காரர் இரண்டையும் அணைத்தார். அழுகை வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. அடுத்த உறுப்பினர் எழுந்தார். அவருக்கு மைக் போட்டார்.

அவர் வீடு திரும்பியபோது மகள் இரவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நம்ம மனு வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"யாரு பேசினாங்க?"

"ரெண்டு பேரும் பேசினாங்க."

மகளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப பாலம் வந்துடும்ப்பா!" என்று பையைத் தோளில் மாட்டினாள்.

"சரிம்மா," என்றார் மைக்காரர். "ரெண்டு பக்கமும் பாத்துத் தாண்டு."