நான்கு நிமிடத் தெரு

என் மேசை இழுப்பறையில் ஒரு கருப்புக் கண்ணாடி இருக்கிறது. உள்ளங்கை அகலச் சதுரம், ஒரு மூலை உடைந்தது. அதை லென்ஸுக்கு முன்னால் செருகினால் உச்சி வெயிலிலும் ஷட்டரை நான்கு நிமிடம் திறந்து வைக்கலாம். அசையாதவை படத்தில் பதியும். நடப்பவர்கள், ஓடும் வண்டிகள் எல்லாம் மறைந்துவிடும்.

பொறியியல் முடித்ததும் ஸ்டுடியோ நடத்தும் ஒரு அக்காவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாண வீடுகளில் ஓடி ஓடிப் படம் எடுப்பவர் அவர். நாகல் நகரில் திறக்கவிருந்த ஜவுளிக்கடையின் முகப்பை, தெருவில் ஆளே இல்லாமல் எடுத்துத் தரக் கடைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஆட்டோக்கள் வந்து நின்று மூன்று முறை கெட்டது. சாலையின் எதிர்ச்சாரியிலிருந்து நான்காவது முறை ஷட்டரை அழுத்தினேன்.

"ஒரு போட்டோவுக்கு இம்புட்டு நேரமாடி? அதுக்குள்ள நான் ரெண்டு கல்யாணத்த முடிச்சிருவேன்" என்று சிரித்தார் அக்கா.

அறுபதாவது விநாடியில் மூன்று பேர் பைக்கில் வந்து இறங்கினார்கள். கடை வாசல் வழியே பூ விற்றுக்கொண்டு நடந்துபோனவரின் பின்மண்டையில் இரும்புக் கம்பி இறங்கியது. பூக்கூடை மேலேயே குப்புற விழுந்தார். ஒருவன் அவர் வலது கையை மிதித்துக்கொள்ள, இன்னொருவன் முழங்கையில் மூன்று முறை அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் சாலையைத் தாண்டிக் கேட்டது.

"கண்ணாடிய உருவுடி! மூஞ்சியப் புடி!"

"இன்னும் மூணு நிமிஷம் இருக்குக்கா" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. ஷட்டர் திறந்திருக்கையில் கேமராவைத் தொடக்கூடாது என்பது அவ்வளவு பழகியிருந்தது. நிறுத்தி, கண்ணாடியை உருவி, மறுபடி அழுத்த ஐந்து விநாடி போதும். நான் கேமராத் திரையில் ஓடும் விநாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா சாலையைக் கடந்து ஓடினார். அதற்குள் அந்த மூவரும் கிளம்பிவிட்டார்கள். அடிபட்டவரின் தலையை மடியில் வைத்து அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்ஸ் போனபின் வந்து, ரத்தம் காயாத கையால் கண்ணாடியை உருவித் தரையில் அடித்தார்.

"என்னத்தடி எண்ணிக்கிட்டு இருந்த?"

விசாரிக்க வந்த காவலர் அக்காவிடம், "நீங்க ஒருத்தர் சொல்ற அடையாளம் பத்தாதும்மா. போட்டோ எங்க?" என்றார். காட்டினேன். கடை முகப்பு, தெளிவாக. சிதறிய பூ. விழுந்து கிடப்பவர். அவரருகே மங்கலாக அக்கா. மூன்று பேர் நின்ற இடத்தில் புகைபோல ஒரு கறை.

பூக்காரர் பிழைத்தார். ஆனால் அந்தக் கையால் இனிப் பூக் கட்ட முடியாது. யாரும் பிடிபடவில்லை. அக்கா என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அதன்பின் என்னோடு சிரிக்கவுமில்லை.

இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் படம் நினைவுக்கு வருகிறது. அசையாதிருந்தவர்கள் மட்டுமே அதில் பதிந்திருக்கிறார்கள். நான்கு நிமிடமும் துளி அசையாமல் நின்றவள் நான்தான். கேமராவுக்குப் பின்னால் நின்றதால் படத்தில் இல்லை.