தட்டிப் பார்த்த கல்

பட்டறைத் தெருவில் அந்தச் சிற்பிக்குப் ‘பாம்புக்காது’ என்றுதான் பெயர். வீட்டில் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. கல்லைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டாரென்றால், உள்ளே தலைமுடி அளவு விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். நல்ல கருங்கல் கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது பொத்தென்று அடங்கிவிடும். பளிங்கு கொஞ்சம் தணிந்த குரலில் பேசும். மாக்கல்லுக்கோ காதே தேவையில்லை. குறை இருந்தால் பெரும்பாலும் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இதெல்லாம் ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய கதை. முப்பது வருஷம் கல் அறுக்கும் இயந்திரத்தின் பக்கத்திலேயே கிடந்த காது எத்தனை நாள்தான் தாங்கும்? முதலில் வலது காது போனது, பிறகு இடதும் அடைத்துக்கொண்டது. அவர் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. கல்லின் சத்தம் கேட்காதவன் சிற்பியா என்று தெருவே கேட்கும், வேலையும் வராது என்ற பயம். மூட்டு வலி, கனமான கல் இனிமேல் முடியாது என்று சாக்குச் சொல்லி, மாக்கல்லில் ஆமையும் ஆந்தையுமாகச் செதுக்கிக் காலத்தை ஓட்டினார். யாராவது பேசினால் உதட்டைப் பார்க்க வேண்டும், அவர்கள் சிரித்தால் கூடவே சிரிக்க வேண்டும். கல் செதுக்குவதைவிட இந்த நடிப்புதான் மனிதரைக் களைக்க வைத்தது.

அப்போதுதான் நூலகக்காரர்கள் வந்தார்கள். வாசலில் வைக்க, புத்தகம் படிக்கும் பெண் சிலை, ஆள் உயரம், கருங்கல்லில்தான் வேண்டும் என்றார்கள். இவருக்கு மறுக்க வாய் வரவில்லை.

கல் வாங்க, மனைவியின் தம்பியைக் கூட்டிப்போனார். மச்சினன் கல் அறுப்பதில் சூரன். தரம் பார்ப்பதில் அரிச்சுவடிகூடத் தெரியாது. கிடங்கில் சிற்பி கல்லைத் தட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. கணீரா பொத்தா என்பது எந்தக் காதுக்கும் தெரியுமே என்று, காதைச் சாய்த்தபடியே ஓரக்கண்ணால் மச்சினன் முகத்தைப் பார்த்தார். அவன் தலையாட்டினான். அப்பாடா என்று இவரும் ஆட்டினார். கல் வண்டி ஏறியது.

இருபத்தாறு நாள் உழைப்பு. முகம் வந்து, தோள் வந்து, மோவாய்க்குக் கீழே உளி வைத்தபோது கழுத்து விட்டுப்போய், தலை மணலில் விழுந்தது. உடைந்த இடத்தில் பாதிக்குமேல் பழுப்பேறிக் கிடந்தது. பழைய விரிசல்.

“ஏன்டா, அன்னைக்கு நீ தலையாட்டினியே!” என்று மச்சினன் மேல் பாய்ந்தார்.

அவன் திருதிருவென்று விழித்தான். “நீங்க காதைச் சாய்க்கும்போது தலை லேசா அசைஞ்சுது மாமா. சரி, கல்லு தேறிடுச்சுன்னு நெனச்சு நானும் ஆட்டினேன். எனக்கு என்ன தெரியும்?”

ஓரத்தில் ஒரு மாக்கல் ஆந்தைக்கு மெருகேற்றிக்கொண்டிருந்த மனைவி எழுந்து வந்தாள். உதடு தெரியும்படி நேர் எதிரே நின்றாள்.

“இன்னும் எத்தனை நாளைக்குங்க இப்படி?”

“உனக்குத் தெரியுமா?”

“சாப்பிட வாங்கன்னா, சாவி ஆணியில இருக்குங்கிறீங்க. தெரியாம இருக்குமா? நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்.”

கோபப்படக்கூட அவரிடம் தெம்பில்லை. தலையை எடுத்து மணலைத் துடைத்து வைத்தார்.

மறுநாள் மூவரும் கிடங்குக்குப் போனார்கள். இந்த முறை சுத்தியல் மனைவி கையில். இத்தனை வருஷம் அவர் தட்டியதையெல்லாம் பக்கத்தில் இருந்து கேட்டவள். முதல் கல்லைத் தட்டிவிட்டு, “இது வேணாம்” என்றாள்.

கிடங்குக்காரர் சிரித்தார். “அண்ணே, நீங்க தட்டிச் சொல்லுங்க. உங்க காதுக்கு மேல என்ன இருக்கு?”

கல் பார்க்க வந்திருந்த வேறு சிற்பிகளும் திரும்பிப் பார்த்தார்கள். பாம்புக்காது மனைவியைக் கைகாட்டினார்.

“எனக்குக் காது கேக்காது. ஒன்றரை வருஷமாச்சு. இனிமே அவ சொல்றதுதான்.”

தேவைக்கு மேல் உரக்கச் சொல்லிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. அவமானத்தைவிட அசதிதான் முதலில் வந்தது; பக்கத்தில் கிடந்த கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நாலாவது கல்லைத் தட்டிவிட்டு மனைவி அவர் பக்கம் திரும்பினாள். “இது நல்ல கல்லுங்க.”

“எப்படிக் கேக்குது?”

அவள் மறுபடி தட்டினாள். வார்த்தை கிடைக்காமல் கொஞ்சம் தடுமாறினாள். “தட்டிக் கையை எடுத்த அப்புறமும் உள்ள ஓடிக்கிட்டே இருக்கு. சட்டுனு நிக்கல.”

“ஆமா, அப்படித்தான் இருக்கும்” என்றார். கண் நிறைந்துவிட்டது. “இன்னொரு தடவ தட்டு.”