அருளப்பன் கழற்றாமல் போன சிவப்பு வில்லை

அருளப்பன் காலமான செய்தி 2007 ஆகஸ்ட் 9, வியாழக்கிழமை காலையில் எனக்கு வந்தது. தொலைபேசியில் வேணுகோபால் பேசினார். "சார், அருளப்பண்ணன் போயிட்டாரு. தூக்கத்துலயே" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மறுநாள் எங்கள் சுரங்க நகரியத்தின் பேருந்து நிறுத்தங்களில் ஒட்டப்பட்ட கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில், அவர் மறைந்தது வெள்ளிக்கிழமை என்று அச்சாகியிருந்தது. எங்கள் ப்ளாக் முனையில் இருந்த ஒன்றை மட்டும் நான் பேனாவால் திருத்தினேன். அவர் இருந்திருந்தால், "செத்தவனுக்கே அவசரம் இல்ல, சாருக்கு என்ன அவசரம்?" என்று கேட்டிருப்பார்.

அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்புப் பிரிவின் ஃபோர்மேனாக அவரை அறிந்தவர்கள் உண்டு. மாதா கோயில் பாடற்குழுவில் சுருதியோடு சேராத ஒரு பெருங்குரலாக அறிந்தவர்களும் உண்டு. நான் அறிந்த அருளப்பன், மந்தாரக்குப்பத்தில் தம் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் இருந்தவர். ஓடாமல் நின்றுபோன பழைய வண்டிகளை, குறிப்பாக உழவு டிராக்டர்களை, அங்கே கொண்டுவந்து பிரித்துத் துடைத்துப் பூட்டி மறுபடி ஓடவைப்பது எங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலை. எங்கள் என்று நான் சொல்வது மூவரை: அருளப்பன், மின்பிரிவில் இருந்த வேணுகோபால், வரைபடப் பிரிவில் இருந்த நான். யாரும் எங்களைக் கேட்டுக்கொள்ளவில்லை. எங்களுக்குப் பிடித்திருந்தது, செய்தோம்.

முதல் வண்டி ஒரு ஜீப். அது உயிர்பெற்றது 1994 பிப்ரவரி 13, ஞாயிற்றுக்கிழமை. அருளப்பன் கடைசிவரை அதை 1993 என்றே சொல்லிவந்தார். போதாக்குறைக்கு, ஜீப்பின் பானெட்டுக்கு அடியில் வெள்ளைச் சாயத்தால் அந்தத் தவறான ஆண்டை எழுதியும் வைத்தார்.

"தொண்ணூத்தி மூணுதான் சார். என் பொண்ணு கல்யாணத்துக்கு முந்தின வருசம்."

"உங்கள் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதே தொண்ணூற்று ஐந்து மே மாதம்."

"அப்படியா? அது அவளுக்குத் தெரியுமா?"

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்காததற்குத் தேதியைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வேணுகோபால் ரேடியேட்டருக்குப் பின்னால் கையை விட்டு ஒரு வயரைத் தேடிக்கொண்டிருந்தார். அது தெரியாமல், இருக்கையில் இருந்த அருளப்பன் ஸ்டார்ட்டரை அழுத்திவிட்டார். பல மாதம் ஊமையாகக் கிடந்த எஞ்சின் அந்த நொடியில்தானா கிளம்பவேண்டும்! விசிறி வேணுவின் கைக்கடிகாரத்தைப் பிடுங்கிச் சுவரில் அடித்தது. கை தப்பியது. வண்டி ஓடிய மகிழ்ச்சியை யாரும் கொண்டாடவில்லை. அருளப்பன் கொட்டகைக்கு வெளியே போய் நீண்ட நேரம் நின்றிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் சிவப்புச் சாயம் பூசிய மூன்று தகர வில்லைகளோடு வந்தார். ஒவ்வொன்றிலும் எங்கள் ஒருவரின் பெயர். சுரங்கத்தில் பணியாற்றியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழுது பார்க்க உள்ளே இறங்குகிறவர், இயந்திரத்தின் சுவிட்சில் தம் பெயர் எழுதிய வில்லையை மாட்டிவிட்டுத்தான் இறங்குவார். 'என் வேலை இன்னும் முடியவில்லை' என்பது அதன் பொருள். மாட்டியவர் கழற்றும்வரை எத்தனை பெரிய அதிகாரி வந்தாலும் அதை இயக்கக்கூடாது. வேலை முடியாமல் ஷிப்ட் முடிந்தால், அடுத்து வருகிறவர் முதலில் தம் வில்லையை மாட்டுவார். பிறகே முந்தையவர் தம்முடையதைக் கழற்றுவார். சிறிது நேரம் இரண்டும் சேர்ந்து தொங்கும்.

"நம்ம கொட்டாய்க்கு எதுக்குண்ணே இதெல்லாம்?" என்று பாதிக்கப்பட்ட வேணுவே கேட்டார்.

"மைன்ஸ்ல இருந்தா உயிரு, கொட்டாயில இருந்தா ஸ்பேர் பார்ட்ஸா?" என்றார் அருளப்பன். அன்றுமுதல் எங்கள் கொட்டகையில் வில்லை மாட்டாமல் யாரும் ஒரு நட்டைக்கூடத் தொட்டதில்லை.

இதனால் அவரை மிகுந்த அடக்கமுடைய மனிதர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தம் கைவேலையைத் தாமே பாராட்டிக்கொள்வதில் அவருக்குத் தயக்கமே கிடையாது. துருப்பிடித்து இறுகிய போல்ட்டில் நான் பலத்தைக் காட்டினால் தடுத்துவிடுவார். "துருகிட்ட கோவப்படக் கூடாது சார். அது வூட்டுக்காரம்மா மாதிரி. மண்ணெண்ணெய் ஊத்திட்டுக் கம்முனு ஒக்காந்துகினு இருந்தா, தானா எறங்கி வரும்." தேநீர் கொண்டுவந்த அவர் மனைவி பிலோமினா இதைக் கேட்டுவிட்டார். "மண்ணெண்ணெய் வூட்டுல இல்ல. கம்முனு ஒக்கார்றதயாவது மொதல்ல செய்யுங்க, பாப்பம்" என்றார். அருளப்பன் அன்று முழுவதும் கம்மென்றே இருந்தார்.

ஒருமுறை கடலூரிலிருந்து விடுதி முதலாளி ஒருவர் வந்தார். நாங்கள் முடித்திருந்த பழைய டிராக்டர் ஒன்றைத் தம் விடுதி வாசலில் அழகுக்கு நிறுத்திவைக்க விரும்பினார். அருளப்பன் மறுத்துவிட்டார். "கிறிஸ்மஸ் குடில்ல வைக்கிற பொம்மையாங்க இது? வண்டின்னா வேலைக்குப் போவணும். நாங்க ரிட்டையர் ஆயிட்டோம்னு அதையும் ரிட்டையர் பண்ணாதீங்க." அந்த டிராக்டர் நெல்லிக்குப்பத்தில் கரும்பு விவசாயி ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் அதைப் பேருந்திலிருந்து பார்த்துவிட்டு வந்த நாட்களில் அருளப்பனின் குரல் இன்னும் பெரிதாக இருக்கும்.

கடைசி வண்டி ராசகுமாரியினுடையது. அவர் வளையமாதேவியைச் சேர்ந்தவர். கணவர் இறந்தபின் உழவைத் தாமே பார்த்தவர், டிராக்டரும் தாமே ஓட்டியவர். அவர் நிலம் சுரங்கத்துக்குப் போனது. சேத்தியாத்தோப்புக்கு அப்பால் வேறு நிலம் வாங்கிக் குடிபெயர்ந்தார். அந்த அலைச்சலில் டிராக்டர் மழையில் நின்று எஞ்சின் இறுகிவிட்டது. பார்த்தவர்கள் எல்லாம் எடைக்குப் போடச் சொன்னார்கள். 2006 டிசம்பரில் அதை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு கொட்டகை வாசலுக்கே வந்து இறங்கினார்.

"அண்ணே, நீங்க செத்த வண்டிய எழுப்புவீங்களாமே?"

"அதெல்லாம் ஆண்டவர் வேல, தங்கச்சி. நாங்க தூங்கறதத்தான் எழுப்புவோம்."

"எதுவோ ஒண்ணு. ஆவணி உழவுக்கு எனக்கு இது வேணும். புது ஊர்ல மொத வெள்ளாம. அங்க எங்கள யாருக்கும் தெரியாது. வாடக வண்டி ஊர்க்காரங்க எல்லாருக்கும் ஓட்டி முடிச்சிட்டு, கடேசியாத்தான் நம்ம பக்கம் வரும். அதுக்குள்ள வாய்க்கால் தண்ணி வந்து போயிடும்."

அருளப்பன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். பிறகு தம் வில்லையை எடுத்து ஸ்டீயரிங்கில் மாட்டினார். அதுதான் அவருடைய சம்மதம்.

ஜூலையில் வில்லைகளைக் கழற்றிவிட்டு முயன்றபோது எஞ்சின் கிளம்பியது. பிலோமினா அம்மாள் வாசலுக்கு ஓடிவந்து கைதட்டினார். அதன்பின் எஞ்சியவை சில்லறை வேலைகள் என்றே நானும் வேணுவும் நினைத்தோம். எங்கள் வில்லைகளைத் திரும்ப மாட்டவில்லை. அருளப்பன் மட்டும் தம்முடையதை மறுபடி மாட்டிக்கொண்டு, மாலைகளில் தனியாக ஏதோ செய்துகொண்டிருந்தார். ஆகஸ்ட் 8, புதன்கிழமை மாலையும் செய்தார். மறுநாள் காலை அவர் எழவில்லை.

ஆகஸ்ட் 26, ஞாயிற்றுக்கிழமை ராசகுமாரி வந்தார். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதாம். பிலோமினா அம்மாளின் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு நாங்கள் எல்லோரும் கொட்டகைக்குப் போனோம். ஸ்டீயரிங்கில் அருளப்பனின் வில்லை தொங்கிக்கொண்டிருந்தது.

வண்டி கிளம்பும் என்பது எங்களுக்குத் தெரியும். வில்லையைக் கழற்ற ஒரு நொடி போதும். ஆனால் மாட்டியவர்தான் கழற்றவேண்டும், மாட்டியவர் இல்லை.

"சார், வண்டிதான் ஓடுதே. அண்ணன் மறந்திருப்பாரு" என்றார் வேணு.

"எதை வேண்டுமானாலும் மறப்பார். இதை மறக்கமாட்டார்" என்றேன் நான்.

"அண்ணனோட கையி இதுல இருக்குதுன்னா நான் தொடமாட்டேங்க" என்றார் ராசகுமாரி. "ஆனா தண்ணி நிக்காதே. நான் என்ன பண்றது? நீங்களே சொல்லுங்க."

பிலோமினா அம்மாள்தான் வழி சொன்னார். கன்வேயர்காரரோடு ஒரு வாழ்நாள் வாழ்ந்தவர் அல்லவா?

"ஏன் சார், ஷிப்ட் மாறும்போது என்ன பண்ணுவீங்க?"

"அடுத்து வருகிறவர் தம்முடையதை மாட்டுவார்."

"அவரு ஷிப்ட் முடிஞ்சி வூட்டுக்குப் போயிட்டாரு. அடுத்த ஷிப்ட் யாருன்னு பாக்கறேன், எல்லாரும் தூணு மாதிரி நின்னுகினு இருக்கீங்க."

நான் கொட்டகைச் சுவரில் இருந்த ஆணியிலிருந்து என் வில்லையை எடுத்து, அவருடையதற்குப் பக்கத்தில் மாட்டினேன். இரண்டும் சேர்ந்து தொங்கின. ஆனால் வேலையை ஏற்றுக்கொள்கிறவர், எது முடியவில்லை என்று தெரிந்துகொண்டுதான் ஏற்கவேண்டும். சொல்ல வேண்டியவர் இல்லாததால் வண்டியிடமே கேட்பது என்று முடிவு செய்தோம். ஸ்டீயரிங், கிளட்ச், எண்ணெய்க் குழாய்கள் என்று முன்னாலிருந்து பார்த்துக்கொண்டே பின்னால் போனோம். இடது பின்சக்கரத்தின் பிரேக்கில், சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் லைனிங் பட்டை புதியதாக இருந்தது. வலது சக்கரத்தைத் திறந்தால், தேய்ந்து தகடான பழைய லைனிங். அதற்குரிய புதியது, செய்தித்தாளில் சுற்றியபடி இருக்கைக்கு அடியில் இருந்த கருவிப் பெட்டிக்குள் கிடந்தது.

டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கு இதன் பொருள் புரியும். ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால், வண்டி அந்தப் பக்கமாகச் சுழன்று திரும்பும். ராசகுமாரி அன்றே வண்டியை எடுத்துப் போயிருந்தால், வாய்க்கால் கரைமேல் முதன்முறை அவர் பிரேக்கை மிதித்திருப்பார். அவர் பழைய லைனிங்கை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். "அண்ணன் போயும் என்னெ வுடல பாருங்க" என்றார். வேணு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று மாலைக்குள் புதிய லைனிங்கைப் பொருத்தினோம். அதன்பின் நான் அருளப்பனின் வில்லையைக் கழற்றினேன். பிறகு என்னுடையதையும் கழற்றினேன். வண்டியை வீட்டு வாசலில் ஓட்டி, பிரேக்கை மிதித்துப் பார்த்தோம்; நேராக நின்றது. அருளப்பனின் வில்லையைப் பிலோமினா அம்மாளிடம் கொடுத்தபோது, அவர் அதை முந்தானையால் துடைத்துவிட்டு, ஷிப்ட் முடிந்தவர்களின் வில்லைகள் தொங்கும் ஆணியிலேயே மாட்டினார்.

செப்டம்பரில் நானும் வேணுவும் சேத்தியாத்தோப்புக்குப் போய்ப் பார்த்தோம். தம் நிலத்தை உழுது முடித்த ராசகுமாரி, பக்கத்து நிலத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். "ஊர்க்காரங்க வரிசையில நிக்கிறாங்க சார்! இப்ப எல்லாருக்கும் எங்களத் தெரியும்!" என்று எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கத்தினார். அந்தக் குரலும் சற்றுச் சுருதி விலகியே இருந்தது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

ஜீப்பின் பானெட்டுக்கு அடியில் 1993 என்பது அப்படியே இருக்கிறது. பேனாவும் என் சட்டைப்பையில் இருக்கிறது. திருத்தப்போவதில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. எதையும் இயக்குவதற்கு முன், யாருடைய கை இன்னும் உள்ளே இருக்கிறது என்று நின்று கேட்பது. வண்டிக்கு மட்டுமல்ல, வீட்டில் ஒரு பேச்சைத் தொடங்குவதற்கு முன்னும் இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

கொட்டகையில் இப்போது ஒரு பழைய வேன் நிற்கிறது. அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை நான் அதன் அடியில் படுத்திருந்தேன். ஸ்டீயரிங்கில் என் வில்லையும் வேணுவின் வில்லையும் தொங்கின; கூடவே, சிவப்புச் சாயம் முழுதாகக் காயாத புதிய வில்லை ஒன்றும் தொங்கியது. இருக்கையில் யாரோ ஏறி அமரும் ஓசை கேட்டது. சாவியைத் தொடும் முன் பிலோமினா அம்மாளின் குரல் வந்தது:

"யாரு கை உள்ள இருக்கு?"

"என் கை" என்றேன்.

"எடுத்துட்டுச் சொல்லுங்க சார். நான் ஒக்காந்துகினு இருக்கேன்."