மணல்மேட்டில் போட்ட கோடு

மணலிலும் நாலு சில்லும் சேர்ந்து சுழன்று இழுக்கும் வேன் ஒன்று வைத்திருந்தார், கற்பிட்டியில் நான் சந்தித்த அந்தச் சாரதி. மெலிந்த மனிதர், தாடியில் பாதி நரை; ஊர் வழக்கப்படி அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்றுதான் அவரைக் கூப்பிட்டேன். கதைக்கும்போதெல்லாம் முன் டயரைப் பெருவிரலால் அமுக்கிக்கொண்டே இருப்பார்.

நான் நண்பர்களுக்காகப் பயணத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். விடிய உப்பளம், பின்னேரம் கடற்கரை மணல்மேடு, அதன் உச்சியில் வேனை நிறுத்திப் படம்! ஃபோன் வரைபடத்தில் கோடு இழுத்துக் காட்டினேன்.

"மேட்டுக்கு மேலால ஏலாது, தம்பி."

"வேன் ஏறாதா, நானா?"

"வேன் ஏறும்."

கோட்டை இடப்பக்கம் நகர்த்தினேன். தலையாட்டி மறுத்தார். வலப்பக்கம் நகர்த்தினேன்.

"அங்காலயும் வேணாம்."

"இதென்ன, பாலைவனத்துக்கும் பொலிஸா?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "கீழ பழைய மையவாடி இரிக்கி, எங்கட ஆக்கள அடக்கின இடம். காத்து மண்ணக் கொண்டுவந்து மூடிட்டு. தலைமாட்டுல நட்ட மீசான் கல் ஒண்டும் வெளிய இல்ல. எங்கட சின்ன மகளும் அதுக்குள்ளதான்."

"எந்த இடமெண்டு காட்டுங்க நானா, அத விட்டுட்டுப் போவம்."

"அதானே தம்பி, எனக்குத் தெரியா."

டயரில் பெருவிரல் அப்படியே நின்றது. நான் கோட்டை அழித்தேன்.

இன்றும் அந்த வரைபடத்தைத் திறந்தால் மேடு வெறும் மஞ்சளாகத்தான் தெரிகிறது. எங்கே விரல் வைப்பதென்று எனக்கும் தெரிவதில்லை.