தெமாரிஸின் இடது கன்னம்

க்ரங்கெட் தீவில் சுண்ணாம்பு சுடாத வீடு குறைவு. ஆனாலும் மடாங் சந்தையில் பாக்கு வாங்குகிறவர்கள், "தெமாரிஸ் சுண்ணாம்பு இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் பைக்குள் கையை விடுவார்கள்.

அதற்குக் காரணம் அவள் வாய். பவளக்கொத்துகளைச் சுட்டு, நீர் தெளித்து, சலித்து முடித்ததும் ஒரு சிட்டிகையை இடது கன்னத்துக்குள் அப்பிக்கொள்வாள். மூன்று மூச்சுக்குள் சுரீரென்றால் சரக்கு தயார். இருபத்தாறு வருஷமாக அந்தக் கன்னம் பொய் சொன்னதில்லை. பாக்கு மெல்லுவது மட்டும் வலது பக்கம். தராசுத் தட்டில் யாராவது சோறு தின்பார்களா என்பாள்.

ஒரு ஞாயிறு, சர்ச் ஆராதனை முடிந்ததும், மடாங் சுகாதார நிலையத்திலிருந்து படகில் வந்த நர்ஸ் ரோமா பெண்களை உட்காரவைத்துப் பேசினாள். மூன்று வாரம் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, மரத்துப்போன இடம், வாய் திறக்க இறுக்கம், கழுத்தில் கட்டி, எது இருந்தாலும் உடனே வந்து காட்டச் சொன்னாள். கேட்டவர்கள் அத்தனை பேர் வாயிலும் பாக்கு.

"வெள்ளைத் திட்டுக்கெல்லாம் வரணும்னா இந்தத் தீவையே படகுல ஏத்தணும் சிஸ்டர்," என்றாள் தெமாரிஸ். "சுண்ணாம்பு பட்ட எடம் வெள்ளையா இல்லாம பச்சையாவா இருக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ரோமாவும் சிரித்துவிட்டு, "சிரிங்க. ஆனா வாயைக் காட்டிட்டுச் சிரிங்க," என்றாள். ஒருத்தியும் காட்டவில்லை. தெமாரிஸின் திட்டு அப்போது கட்டைவிரல் நகத்தளவு. தொழில் செய்கிறவளுக்குத் தழும்பு இல்லாமலா என்று இருந்துவிட்டாள்.

கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு நாள், கன்னத்தில் அப்பிய சுண்ணாம்பு சுரீரென்று சுடவில்லை. மூன்று மூச்சு போயிற்று, பத்து மூச்சு போயிற்று, ஒன்றும் இல்லை. விறகு ஈரம் என்றாள். பவளம் சரியில்லை என்றாள். செத்துப்போனது கன்னம் என்று அவளுக்கு யார் சொல்வது? இரண்டு மடங்கு விறகு போட்டு எரித்தாள். சந்தைக்குக் கொண்டாட்டம். இப்படி ஒரு காரம் கண்டதில்லை என்று அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரே வீட்டில் இருந்த தங்கை லேவாவுக்குத்தான் பெருமை தாங்கவில்லை. ஒவ்வொரு சூளையிலும் முதல் பிடி அவளுக்கு.

பிறகு மீன்குழம்பு பட்டாலே வாய் எரிந்தது. காது வலித்தது. வாய்க்குள் இரண்டு விரல் நுழையவில்லை. தாடைக்குக் கீழே கட்டி தட்டுப்பட்டபோதுதான் படகு ஏறினாள். ரோமா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு லாயே நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினாள். அங்கே, வெட்டி எடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். திட்டாக இருந்தபோதே வந்திருக்கலாம் என்று டாக்டர் ஒருவர் சொன்னாராம். அதை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இப்போது பாயில் கிடந்து குழாயால் இளநீர் உறிஞ்சுகிறாள். பாக்கை விடு, சுண்ணாம்பை விடு என்று தங்கையிடம் அரைகுறைச் சொற்களால் கெஞ்சினாள். லேவா அழுதாள். மெல்லுவதை நிறுத்தியும் விட்டாள். ஆனால் சூளை அணைந்தால் அடுப்பும் அணையும். ருசி பார்க்க ஒரு சிட்டிகை மட்டும்தானே அக்கா என்றாள்.

நேற்று சலித்து முடித்து, அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு சிட்டிகையை இடது கன்னத்துக்குள் அப்பிக்கொண்டாள். தெமாரிஸ் அவள் மூச்சை எண்ணினாள். மூன்று. ஐந்து. ஒன்பது.

"சுடவே இல்லக்கா," என்றாள் லேவா. "ஒரு வாரமாவே இப்படித்தான். விறகு பத்தல போல. நாளைக்கு இன்னும் ரெண்டு கட்டு போட்டு எரிக்கிறேன்."

தெமாரிஸ் வாயைத் திறக்கப் பார்த்தாள். குழாய் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. கையை நீட்டித் தங்கையின் தாடையை இறுகப் பிடித்தாள். லேவா அதைப் பாசம் என்று நினைத்து, அந்தக் கையிலேயே கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள்.